வெறுங்காலோடு கிளை அறுத்தவன்

என் இடது உள்ளங்கையில் இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு புளியங்கொட்டையை வைத்தால் சரியாக உட்காரும். வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். "கரண்டு உள்ள போன எடம் இதுதானா சார்?" என்று கேட்டுவிட்டு, அடுத்து, "வெளிய வந்த எடம்?" என்பார்கள். நான் குதிகாலைத் தூக்கிக் காட்ட வேண்டும். டிக்கெட் போடாத பொருட்காட்சி ஆகிவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் காப்பி உண்டு, கதை கிடையாது.

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் அறிவியல் வாத்தியார். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் என்னிடம் மின்சாரப் பாடம் படித்த ஒருவன் மேல்தான் விழும். "ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது" என்று கரும்பலகையில் எழுதியே எத்தனை சாக்பீஸைத் தேய்த்திருப்பேன்! அப்படிப்பட்டவனுக்குத்தான் கரண்ட் அடித்தது. செய்தி கேள்விப்பட்ட என் பழைய மாணவன் ஒருவன், "சாரு பிராக்டிகல் காட்டிருக்காரு" என்றானாம். அவனுக்கு அப்போதே கூட ரெண்டு மார்க் போட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். நாலு தென்னை, ஒரு எலுமிச்சை, முருங்கை, அப்புறம் ஒரு வேம்பு. வேம்படியில் ஒரு கல்லும் துருப்பிடித்த வேலும் இருக்கின்றன. அதுதான் எங்கள் வீட்டு முனி. அந்த மரத்தின் ஒரு கிளை பின்கட்டுத் தகரக் கூரைமேல் நீண்டுவிட்டது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கூரைமேல் கிளை நிற்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் தூங்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்னால் அறுத்துவிட வேண்டும் என்று மரம் ஏறுகிற ஆட்களைக் கூப்பிட்டால், வந்தவர்கள் எல்லாம் அடியில் கிடந்த வேலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். "முனி இருக்கிற மரத்துல கால் வைக்க மாட்டோம் சார். நீங்க வேற மரம் இருந்தா சொல்லுங்க." வேற மரத்தில் கிளை நீளவில்லையே!

அப்போதுதான் இணையத்தில் அந்த மிஷினைப் பார்த்தேன். நீளமான அலுமினியக் கம்பு. இழுத்தால் இன்னும் நீளும். நுனியில் கையளவு செயின் ரம்பம், அடியில் பிளாஸ்டிக் பிடி, பிடியில் விசை, பின்னால் ஒயர். தரையில் நின்றபடியே உயரத்துக் கிளையை அறுக்கலாம். முனி மரத்தில் கால் படாது, கிளையும் போய்விடும். பக்திக்கும் விஞ்ஞானத்துக்கும் சமாதானம் செய்துவைத்த மாதிரி எனக்கு ஒரே பெருமை. வாங்கிவிட்டேன்.

பெட்டிக்குள் ஒரு கையேடு இருந்தது. படத்தில் ஒரு ஆள் தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கையில் உறை, காலில் பூட்ஸ் என்று நிலவுக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்றார். கிளைக்கு நேர் கீழே நிற்காதே, தள்ளி நில், கம்பைச் சாய்த்துப் பிடி, ஒயரில் ஒட்டுப்போடாதே என்று அம்புக்குறி போட்டுச் சொல்லியிருந்தார்கள். நான் என் மனைவி மலரிடம் அந்தப் படத்தைக் காட்டி, "இவரு கெளைய அறுக்கப் போறாரா, கிரகத்த அறுக்கப் போறாரா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு சொல்ற மாதிரியே செஞ்சாத்தான் என்ன?" என்றாள்.

காலையில் மலர் முனிக்குப் பூசை போட்டாள். மரத்தை வெட்டுவதற்கு முன்னால் சாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கல்லைக் கழுவி, மஞ்சத்தண்ணி ஊற்றி, தேங்காய் உடைத்து, "அந்தக் கெளைய மட்டும் எடுத்துக்கிறோம், கோவிச்சுக்காதீங்க" என்று சொன்னாள். மரத்தடி முழுக்கச் சொதசொதவென்று ஆகிவிட்டது. நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு அப்படியே மிஷினைத் தூக்கினேன்.

செருப்பு? அது வேலி ஓரம் கிடந்தது. முனிக்கு முன்னால் செருப்புப் போடுவார்களா? நான் யோசித்துக் கழற்றவில்லை. காலே கழற்றிக்கொண்டது. கால்கள் சாமியை அடையாளம் கண்டுகொள்ளும். கரண்ட்டை அடையாளம் காணத் தெரியாது. மிஷினோடு வந்த ஒயர் நீளம் பத்தாது என்று பழைய மோட்டார் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தேன். தரை ஈரமாக இருக்கிறதே, ஒட்டு தரையில் படக்கூடாதே என்று, கெட்டிக்காரத்தனமாக, அந்த ஒட்டைத் தூக்கிக் கம்பிலேயே சணலால் கட்டினேன். அலுமினியக் கம்பில். பள்ளியில் கம்பியும் பேட்டரியும் வைத்து, "அலுமினியம் நல்ல கடத்தி" என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்த அதே ஆள். ஒயரின் மறுமுனையைச் சமையலறை ஜன்னல் வழியாக விட்டு, கிரைண்டர் பிளக்கில் சொருகியிருந்தேன்.

கிளை பாதி அறுபட்டது. அதிர்வில் டேப் அவிழ்ந்திருக்க வேண்டும். பாரம் தாங்காமல் இடது கையைப் பிளாஸ்டிக் பிடிக்கு மேலே, கம்பிலேயே வைத்திருந்தேன்.

வலித்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலி என்று அதைச் சொல்ல முடியாது. எனக்குள் யாரோ எனக்கு முன்னாலேயே குடியிருந்து, அந்த நிமிடத்தில் எழுந்து நின்று, என் கையை என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. விடு என்றால் விடவில்லை. பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. காதுக்குள் ஒரு ரீங்காரம். உடம்பே அந்த ஒலியாக ஆகிவிட்டது. கண் மட்டும் என்னுடையதாக இருந்தது.

அந்தக் கண்ணால் மலரைப் பார்த்தேன். எலுமிச்சைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். தாம்பாளம் விழுந்தது. என்னை நோக்கி ஓடிவந்து கையை நீட்டினாள். நீட்டிய கை நடுவில் நின்றது. பின்னால் போனது. பிறகு அவள் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து ஓடினாள். பச்சைச் சேலை, ஈரத் தலையில் போட்ட துண்டு முடிச்சு, சேறு ஒட்டிய குதிகால். அவ்வளவுதான். நான் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகு.

சுவிட்சை அணைக்கத்தான் ஓடினாள். அணைத்தாள். அதனால்தான் நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னைத் தொட்டிருந்தால் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்தலாகப் போட்டிருப்பார்கள். அறிவியல் வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்தது ஓரிடத்தில் இருந்தது, பார்த்தது வேறோரிடத்தில் இருந்தது. ரெண்டும் சந்திக்கவே இல்லை.

கண் திறந்தபோது புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனை. மலரின் தம்பி சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். "மச்சான், என்ன தெரியுதா?" என்று என் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"நீ தெரியற. ஒன் ஆட்டோதான் பயமா இருக்கு" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. சேகர் அழ ஆரம்பித்துவிட்டான். நகைச்சுவைக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அம்மா சின்ன வயசு. என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வெள்ளையாக, காய்ந்துபோன ஒரு குழி. "வலிக்குதா சார்?"

"இல்லைங்க. அதான் பரவால்ல."

"வலிக்காததுதான் சார் மோசம். அங்க இருந்த நரம்பும் சேந்து வெந்திருச்சு" என்றார்.

பிறகு எளிமையாக விளக்கினார். கரண்ட் உள்ளே போன இடத்திலும் வெளியே வந்த இடத்திலும் தெரிகிற புண் கொஞ்சம்தான். நடுவில் அது போன பாதையில் என்ன செய்தது என்பது வெளியே தெரியாது. என் விஷயத்தில் இடது கையில் நுழைந்து காலில் இறங்கியிருக்கிறது. வழியில் இதயம் இருக்கிறது. இதயமே சின்னச் சின்ன மின்துடிப்பில்தான் ஓடுகிறது. அதற்குள் வீட்டுக் கரண்ட் புகுந்தால் தாளம் தப்பிவிடும். உடனே தப்பலாம், சில சமயம் கொஞ்சம் கழித்தும் தப்பலாம். அதனால் நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு பெட்டியில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, தசை வெந்தால் அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்காகத்தான் ட்ரிப் மேல் ட்ரிப். சிறுநீர் டீ நிறத்தில் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது சேகரின் வேலை. "லைட் டீ மச்சான்... இல்லல்ல, லெமன்தான், லெமன்தான்" என்பான். வீட்டுக்கு வந்த பிறகும் அவனுக்கு எலுமிச்சை ஜூஸ் இறங்குவதில்லை.

என் நெஞ்சில் மறுபடி ஒயர்கள். ஒயரைப் பார்த்ததும் கட்டிலில் பின்னால் நகர்ந்தேன். "இதுல கரண்ட் இல்ல சார், ஒங்க கரண்ட்ட இது எடுத்துக்குது, அவ்ளோதான்" என்றார் சிஸ்டர். எனக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் எல்லாமே ரீங்காரம். டியூப் லைட், தண்ணீர் குளிர வைக்கிற பெட்டி, பக்கத்துக் கட்டிலின் மிஷின், எல்லாம் ஒரே சுருதியில். கண்ணை மூடினால் அந்தச் சுருதி. அதற்குள்ளே பச்சைச் சேலை முதுகு. அது போய்க்கொண்டே இருக்கும். வீடு வந்து சேராது.

இங்கே ஒரு காரியம் செய்தேன். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றபோது, "பக்கத்துல ஆரு இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. "எம் பொண்டாட்டிதான் இருந்தா. நான் டான்ஸ் ஆடுறதப் பாத்து, நீட்டுன கைய இழுத்துக்கிட்டு ஓடியே போயிட்டா!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மலர் என் தலைமாட்டில் நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

என் அக்கா அந்த ஜோக்கை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் சிரிப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாள் திரும்பி வந்தபோது வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, ஊரே பேசுது. புருஷன் துடிக்கிறான், கட்டுனவ தொட்டு இழுக்காம உள்ள ஓடிட்டாளாமே!"

"அக்கா, தொட்டா அவளும் போயிருப்பா. சுவிட்ச அணைக்கத்தான் ஓடுனா."

"அது இருக்கட்டும்டா. கை நீட்டுனவ எதுக்கு இழுத்துக்கிட்டா? நானா இருந்தா தொட்டிருப்பேன்."

"நீயா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத் தூக்கிருப்பாங்க" என்றேன்.

அக்கா கோபித்துக்கொண்டு ஆரஞ்சை உரித்தாள். "முனி எச்சரிச்சிருக்கு. அது மட்டும் தெரியும்" என்றாள். மலர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு, "டீ வாங்கிட்டு வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள் பாருங்கள், அந்த நிமிடம் தலைக்குமேல் இருந்த துடிப்புப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. சிஸ்டர் ஓடிவந்தார். டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தாளம் தப்பியிருக்கிறதோ என்று எல்லாருக்கும் பயம். தப்பவில்லை, வேகம்தான் ஏறியிருக்கிறது என்றார்கள். மலர் டீயோடு வந்து முன்னால் நின்றதும் இறங்கியது.

மாலையில் மறுபடி. அவள் கை கழுவப் போனாள், பெட்டி கத்தியது. மறுநாள் மாத்திரை வாங்கப் போனாள், கத்தியது. கடைசியில் சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, என்னையும் மலரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அவங்க வெளிய போறப்பெல்லாம் ஒங்களுக்கு ஏறுது."

"லவ் மேரேஜுங்க" என்றேன். பொய். பெண் பார்க்கப் போய், கேசரி சாப்பிட்டு, கல்யாணம் செய்தவன்.

பக்கத்துக் கட்டிலில் குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர், வரப்பில் பாம்பு கடித்து வந்திருந்தார். அவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "சார், அம்மா அங்கிட்டுப் போறாங்க, மிஷினுக்குச் சொல்லிருங்க" என்பார். வார்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் கண் வாசலிலேயே இருக்கும். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை ஃபிளாஸ்கை எடுத்தாள். கதவுப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தாள், கோயிலில் சந்நிதியை விட்டு வெளியே வருகிறவர்கள் சாமிக்கு முதுகு காட்டாமல் வருவார்களே, அப்படி. ட்ரிப் கம்பியில் இடித்தாள். ஒரு பாட்டிலைத் தட்டிவிட்டாள். "என்னம்மா பண்றீங்க?" என்று சிஸ்டர் கத்தினார். அவள் பின்பக்கமாகவே வாசலைத் தாண்டிப் போனாள். பெட்டி கத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியை விட்டு வருகிற வரைக்கும் அவள் அப்படித்தான் நடந்தாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். என் உயிரைக் காப்பாற்றிய ஒருத்தி, என்னிடம் முதுகைக் காட்டப் பயந்துகொண்டு நடக்கிறாள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் சரியாகிவிடும். எந்த வார்த்தை? "நீ ஓடுனது சரிதான்" என்று சொன்னால், சரியில்லை என்று இத்தனை நாள் நினைத்ததாக ஆகிவிடும். "பயமா இருக்கு" என்று சொன்னால், அது அவளைப் பார்த்துப் பயம் என்று ஆகிவிடும். பாடம் நடத்துகிற வாய், ஜோக் அடிக்கிற வாய், இதற்கு மட்டும் திறக்கவில்லை. சாப்பாடு ஊட்டும்போது ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ரெண்டு பேரும். அவள் தூங்குவதையும் நான் பார்க்கவே இல்லை. நான் எப்போது கண்ணைத் திறந்தாலும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

உள்ளங்கையில் செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். முதல் தடவை வலித்தபோது டாக்டர் அம்மா சிரித்தார். "வலிக்குதா? நல்லது சார். உசுரு இருக்கு." வலிக்காக ஒருவர் என்னைப் பாராட்டியது அதுவே முதலும் கடைசியும். சேகர்தான் பில் கட்டுகிற ஜன்னலுக்கும் மருந்துக் கடைக்கும் காப்பீட்டு அட்டையோடு ஓடினான். காகிதங்களைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம் மச்சான்" என்பான். அக்கா, என்ன பேசினாலும், தினமும் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மலருக்குத் தனியாக ஒரு டப்பா இருக்கும். அதில் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. அக்கா எப்போதும் அப்படித்தான்.

ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன். "அந்த நேரத்துல நான் ஏங்க கத்தவே இல்ல? பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மிஷின் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சாம்."

"கத்த முடியாது சார். கை இறுகுன மாதிரியே நெஞ்சு, தொண்டை எல்லாம் இறுகிடும். மூச்சே வெளிய வராது. அப்பறம் எங்க சத்தம்?" என்றார்.

சிறுநீரகம் தப்பித்தது. இதயம் ஒழுங்காக அடித்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எலக்ட்ரீஷியனை வரவழைத்து மெயின் பக்கத்தில் ஒரு ட்ரிப்பர் பெட்டி மாட்டினேன். கரண்ட் ஒயரை விட்டு ஒரு துளி வேறு பக்கம் கசிந்தாலும் கண்ணிமைக்கிற நேரத்தில் தானே அணைந்துவிடும். அது முன்னாலேயே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பாதி அறுபட்ட கிளையை மறுவாரம் சேகர் இறக்கினான். அதே மிஷினில்தான். ஆனால் புது ஒயர், ஒட்டு கிடையாது. காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் பைக் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை. தரை காய்ந்த பிறகு, பூசையை முந்தின நாளே முடித்துவிட்டு, ரெண்டு கையையும் பிளாஸ்டிக் பிடியில் மட்டும் வைத்துக்கொண்டு, கிளைக்குக் கீழே நிற்காமல் தள்ளி நின்று, முதலில் அடியில் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தான். சமையலறையில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆளை உட்கார்த்தி வைத்தோம். முனியிடம் நான் போய்ச் சொன்னேன்: "சாமி, பூட்ஸோட வாரான். மரியாதைக் குறைவு இல்ல, கொஞ்சம் பாத்துக்குங்க." முனி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் யாராவது இந்த மிஷினை வாங்கினால், நிலவுக்குப் போகிற அந்த ஆள் சொல்கிறபடியே செய்யுங்கள். சிரிக்க வேண்டாம். யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டு துடித்தால், உங்களுக்கு எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் தொடாதீர்கள். முதுகைக் காட்டி ஓடுங்கள். சுவிட்சைப் பார்த்து.

இதை எழுதுவது சுலபம்.

கிளை இறங்கிய அன்று மத்தியானம், எல்லாரும் போன பிறகு, நான் கட்டிலில் படுத்திருந்தேன். மலர் கீழே பாயில் உட்கார்ந்து என் கைக்கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். குழியைச் சுற்றிப் பஞ்சால் துடைத்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எதுக்கு அப்புடிக் கூப்பிட்டீங்க?"

"எப்ப?"

"நான் ஓடயில. 'மலரு, போகாத. போகாத மலரு'ன்னு. அடுப்படி வரைக்கும் பின்னாடியே வந்துச்சு கொரலு." பஞ்சு கையில் நின்றது. "போன வருசம் துணி காயப்போடுற கொடிக்கம்பியில கரண்டு அடிச்சு ஒரு புருஷனும் பொண்டாட்டியும் போனாங்கள்ல, எழவுக்குப் போயிருந்தேனே. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சிருந்தாங்க. ஒங்களத் தொட வந்தப்ப அதுதான் கண்ணுல நின்னுச்சு. அதான் கைய இழுத்துக்கிட்டேன். ஓடயில நீங்க கூப்பிட்டீங்க. திரும்பிப் பாத்தா அப்பறம் ஓட மாட்டேன்னு தெரியும். அதான் திரும்பல. சுவிட்ச அமுத்துனேன். அந்த நிமிசமே கொரலு நின்னுருச்சு. செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் பஞ்சை மறுபடி மருந்தில் நனைத்தாள்.

"இப்பவும் கேக்குது. கண்ண மூடுனா கேக்குது. ஆஸ்பத்திரிலயும் கேட்டுச்சு."

அவள் தூங்காததற்குக் காரணம் இதுதான். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் கூப்பிடவில்லை. என் பற்கள் பூட்டியிருந்தன. மூச்சே வெளியே வந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் யாருக்கும் என் குரல் கேட்கவில்லை. இதையெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில், உள்ளுக்குள்ளே, யாருக்கும் கேட்காமல், நான் சொன்னது அதுதான். அதே வார்த்தைகள். போகாத மலரு.

அது அவள் காதுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. எந்த வகுப்புக்கும் அந்தப் பாடம் நடத்தவில்லை. நான் கூப்பிடவில்லை என்று சொன்னால், அப்போ அது யார் குரல் என்று கேட்பாள். வேம்படியில் முனியின் கல் இருக்கிறது. கூப்பிட்டேன் என்று சொன்னால், அந்த வார்த்தைகளுக்குத் திரும்பாமல் ஓடியவளாகவே கடைசிவரை இருப்பாள்.

"ஒனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். "போகாதன்னு நான் ஏன் சொல்லப் போறேன்? 'நிக்காத மலரு, ஓடு, ஓடு'ன்னுதான் கத்துனேன்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பொய்யி."

"வாத்தியாரு பொய் சொல்வாரா?"

"வாத்தியாருதான் வெறுங்காலோட மிஷினத் தூக்குனாரு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே சிரித்தாள். கட்டைப் போட்டு முடித்தாள். பஞ்சை ஓரமாக வைத்துவிட்டு, "கொஞ்சம் படுக்குறேங்க" என்று பாயில் சாய்ந்தாள். பழைய நைட்டி. சுவரைப் பார்த்துத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். நாலு மூச்சு விடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி ஏறி இறங்கியது. தோட்டத்தில் வேம்பு அசைந்தது. என் நெஞ்சில் இப்போது ஒயர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதனால் அது எவ்வளவு வேகமாக அடித்தது என்று யாருக்கும் தெரியாது.